அத்தியாயம் 7: நம் வீட்டுக்கு எவ்வளவு வரும்?

கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு மூன்று முறை வீடுகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பியது. முதல் தொகைக்கான சட்டம் 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தானது. இரண்டாவது சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 27 அன்றும், மூன்றாவது 2021 மார்ச் 11 அன்றும் வந்தன. ‘ஸ்டிமுலஸ் செக்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பலருக்குக் காசோலையாக வராமல் வங்கிக் கணக்கிலேயே ஏறியது. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் பே ஏரியாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் குழப்பியது ஒரே கேள்வி: பக்கத்து வீட்டிலும் அதே சம்பளம், அதே இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு வந்த பணம் நமக்கு ஏன் வரவில்லை?

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. காகிதமும் பேனாவும் இருந்தால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பணம் வந்து போய்விட்டது, இனி எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்கலாம். 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது அனுப்பிய நிவாரணத்துக்கும் ஏறக்குறைய இதே சூத்திரம்தான் இருந்தது: ஆளுக்கு 600 டாலர் வரை, பிள்ளைக்கு 300, தனி ஆளுக்கு 75,000 டாலரிலும் தம்பதிக்கு 1,50,000 டாலரிலும் தொகை குறையத் தொடங்கும். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே இரண்டு கோடுகளை எடுத்துத்தான் கொரோனா நிவாரணத்துக்கும் போட்டார்கள். இன்றைய குழந்தை வரிச் சலுகையும் இதே பாணியில்தான் தேய்கிறது. கணக்கின் எலும்புக்கூட்டைத் தெரிந்துகொண்டால் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

தெரிய வேண்டியவை மூன்று: வருமான வரியை எந்த நிலையில் தாக்கல் செய்கிறீர்கள், உங்கள் ஏஜிஐ (சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம்) எவ்வளவு, வீட்டில் கணக்கில் சேரும் தலைகள் எத்தனை.

தாக்கல் நிலை

இது எளிது. மணமாகாதவர் தனிநபர், கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே படிவம் போட்டால் கூட்டுத் தாக்கல், மணவாழ்க்கையில் இல்லாமல் பிள்ளையையோ பெற்றோரையோ தாங்குபவர் குடும்பத் தலைவர். மூன்று நிவாரணங்களிலும் குறைப்பு தொடங்கிய கோடு ஒன்றே: தனிநபருக்கு 75,000 டாலர், குடும்பத் தலைவருக்கு 1,12,500, கூட்டுத் தாக்கலுக்கு 1,50,000. தம்பதி தனித்தனியாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொருவருக்கும் 75,000.

ஏஜிஐ

தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில். நிறுவனம் கொடுத்த ஆஃபர் கடிதத்தில் உள்ள சம்பளத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “நமக்குக் கிடைக்காது” என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. வேறு சிலர் படிவத்தின் கடைசியில், நிலையான கழிவும் போன பிறகு வரும் வரிக்குரிய வருமானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியல்ல. சட்டம் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண்ணை. மொத்த வருமானத்திலிருந்து சில குறிப்பிட்ட கழிவுகள் மட்டும் போய் நிற்பது அது. படிவம் 1040-இல் 2019 ஆண்டுக்கு 8பி வரியிலும், 2020, 2021 ஆண்டுகளுக்கு 11ஆம் வரியிலும் இருக்கிறது.

சம்பளத்திலிருந்து அதைத் தோராயமாக எட்டலாம். டபிள்யூ-2 படிவத்தின் முதல் கட்டத்தில் இருக்கும் தொகையில் தொடங்குங்கள். 401(கே) ஓய்வுக்கால நிதிக்குச் சம்பளத்திலிருந்து பிடித்தது, மருத்துவக் காப்பீட்டுக்கு வரிக்கு முன் பிடித்தது, சம்பளத்தின் வழியே எச்எஸ்ஏ மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்டது எல்லாம் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே கழிந்திருக்கும். ஆகவே 1,70,000 டாலர் சம்பளக்காரர் ஒருவரின் முதல் கட்டத் தொகை 1,45,000 என்று இருப்பது சாதாரணம். அதோடு வங்கி வட்டி, பங்கு விற்ற லாபம், வாடகை வருமானம் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த பங்குகள் கைக்கு வந்த ஆண்டில் அவற்றின் மதிப்பு சம்பளமாகவே டபிள்யூ-2-இல் ஏறிவிடும். அந்த ஒரு ஆண்டில் மட்டும் ஏஜிஐ எகிறுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

நம்மவர்கள் மறந்துவிடும் வரவு ஒன்று உண்டு. ஊரில் என்ஆர்இ கணக்கில் போட்ட வைப்புத் தொகைக்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. அமெரிக்காவில் வரிக்குரிய குடியிருப்பாளராக இருப்பவருக்கு அது வருமானம்தான். மதுரையிலோ சென்னையிலோ உள்ள வீட்டின் வாடகையும் அப்படியே. இவற்றைச் சேர்க்காமல் போட்ட மதிப்பீடு தவறாகத்தான் முடியும். சேர்க்காமல் போட்ட வரிப் படிவமோ பின்னால் பெரிய தலைவலியைக் கொண்டுவரும்.

தலைகள்

முதல் நிவாரணத்தில் பெரியவருக்கு 1,200 டாலர், ஆண்டு முடிவில் 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு 500. இரண்டாவதில் பெரியவருக்கும் அதே வயதுப் பிள்ளைக்கும் தலைக்கு 600. மூன்றாவதில் தலைக்கு 1,400. இங்கே வயது வரம்பு எடுக்கப்பட்டது. கல்லூரியில் படிக்கும் 20 வயது மகளுக்கும், சார்ந்திருப்பவராக உங்கள் படிவத்தில் காட்டிய பெற்றோருக்கும் முதல் இரண்டு முறை ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை அவர்களும் தலைக்கு 1,400 டாலர் கொண்டுவந்தார்கள்.

பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவைக் காட்ட முடியாது. கிரீன் கார்டோடு இங்கேயே உங்களோடு வாழ்ந்து, சோஷியல் செக்யூரிட்டி எண் வைத்திருந்து, செலவில் பாதிக்கு மேல் நீங்கள் தாங்கி, அவர்களுடைய மொத்த வருமானம் 2021-க்கு 4,300 டாலருக்குக் கீழே இருந்தால் காட்டலாம்.

தலை கணக்கில் சேர அடிப்படை நிபந்தனை, வேலை செய்யத் தகுதி தரும் சோஷியல் செக்யூரிட்டி எண். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு அது இருக்கும். அவர் மனைவி எச்-4 விசாவில் வந்து வேலை அனுமதி இல்லாமல் இருந்தால், வரித் தாக்கலுக்காக மட்டும் தரப்படும் ஐடிஐஎன் எண்தான் இருக்கும். 2020 மார்ச் சட்டம் இத்தகைய தம்பதியிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டது. கூட்டுப் படிவத்தில் ஒருவர் ஐடிஐஎன் எண்ணோடு இருந்தால், ராணுவத்தில் பணிபுரிபவர் குடும்பம் தவிர, வீட்டில் யாருக்கும் ஒரு டாலரும் இல்லை. முறையாக வரி கட்டும் கணவனுக்கும் இல்லை. இங்கேயே பிறந்த, அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தைக்கும் இல்லை. மூன்று சட்டங்களிலும் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பது என் திடமான கருத்து. டிசம்பர் சட்டம் இதைத் திருத்தியது. சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள துணைக்கும் பிள்ளைக்கும் உண்டு என்றது. முதல் நிவாரணத்துக்கும் பின்தேதியிட்டு அதைப் பொருத்தியது. விட்டுப்போன தொகையை 2020 ஆண்டுக்கான படிவத்தின் 30ஆம் வரியில் கேட்டு வாங்கிக்கொள்ள வழி பிறந்தது.

எண்களில் பார்ப்போம். கணவர் எச்-1பி, மனைவி ஐடிஐஎன், நான்கு வயதுக் குழந்தை அமெரிக்கக் குடிமகள், ஏஜிஐ 95,000 டாலர். 2020 ஏப்ரலில் இவர்களுக்கு வந்தது பூஜ்யம். திருத்தத்துக்குப் பின் உரியது: முதல் நிவாரணம் 1,200-உம் 500-உம் சேர்ந்து 1,700, இரண்டாவது 1,200, மூன்றாவது 2,800. மொத்தம் 5,700 டாலர். மூன்றாவது நிவாரணத்தில் பெற்றோர் இருவருக்குமே எண் இல்லாவிட்டாலும், எண் உள்ள பிள்ளைக்கு உரியதைத் தந்தார்கள்.

எஃப்-1 விசா மாணவர்கள் வேறு வகை. வந்து ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரை அவர்கள் வரிக் கணக்கில் குடியிருப்பாளர் அல்லர்; சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தாலும் நிவாரணம் இல்லை. தவறான படிவத்தில் தாக்கல் செய்த மாணவருக்குப் பணம் வந்துசேர்ந்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

தேய்மானம்: ஒரே குடும்பம், மூன்று விடை

இனிதான் கணக்கின் உயிர்நாடி. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், நால்வருக்கும் எண் உண்டு, கூட்டுத் தாக்கல், ஏஜிஐ 1,60,000 டாலர்.

முதல் நிவாரணத்தில் குறைப்பு இல்லாத முழுத் தொகை 2,400-உம் 1,000-உம் சேர்ந்து 3,400. கோட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 5 டாலர் கழியும். இவர்கள் 10,000 டாலர் மேலே இருக்கிறார்கள், கழிவு 500. வருவது 2,900.

இரண்டாவதில் முழுத் தொகை நான்கு தலைக்கு 2,400. கழிவு விகிதம் மாறவில்லை; அதே 500. வருவது 1,900.

மூன்றாவதில் முழுத் தொகை 5,600. மூன்றிலும் மிகப் பெரியது. ஆனால் வருவது பூஜ்யம்.

காரணம் என்னவென்றால், மூன்றாவது சட்டம் 100-க்கு 5 என்ற விதியைக் கைவிட்டு, ஒரு குறுகிய பட்டையை வகுத்தது. தனிநபருக்கு 75,000 முதல் 80,000 வரை, குடும்பத் தலைவருக்கு 1,12,500 முதல் 1,20,000 வரை, தம்பதிக்கு 1,50,000 முதல் 1,60,000 வரை. பட்டையில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறீர்களோ முழுத் தொகையில் அத்தனை சதவீதம் போய்விடும். பட்டையின் உச்சியில் எல்லாம் போய்விடும். பிள்ளைகள் இரண்டா ஐந்தா என்று பார்ப்பதில்லை. முதல் சட்டத்தில் பெரிய குடும்பத்தின் தொகை கரைய நெடுந்தூரம் ஆனது: இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 2,18,000 டாலர் வரை ஏதாவது வந்துகொண்டிருக்கும், பிள்ளை இல்லாத தம்பதிக்கு 1,98,000 வரை. மூன்றாவதில் எல்லாத் தம்பதிக்கும் 1,60,000-இல் கதவு சாத்தப்பட்டது. பக்கத்து வீட்டுக்கு வந்தது நமக்கு வராமல் போனதற்கு இந்தக் குறுகிய பட்டை பல வீடுகளில் காரணம்.

தனி ஆள் ஒருவருக்கு ஏஜிஐ 77,500 என்றால் பட்டையில் சரிபாதி. 1,400-இல் பாதி, 700 டாலர். இதே ஆளுக்கு முதல் நிவாரணத்தில் 1,200-இலிருந்து 125 போய் 1,075 வந்திருக்கும்.

இன்னொன்று. கணவரைப் பிரிந்து வாழும், குடும்பத் தலைவராகத் தாக்கல் செய்யும் தாய், கல்லூரியில் ஒரு மகன், பத்து வயதில் ஒரு மகள், ஏஜிஐ 1,14,000. கோட்டுக்கு மேல் 1,500 டாலர். முதல் நிவாரணத்தில் மகன் சேரமாட்டான்: 1,700-இலிருந்து 75 போய் 1,625. இரண்டாவதில் 1,200-இலிருந்து 75 போய் 1,125. மூன்றாவதில் மகனும் சேர்வதால் முழுத் தொகை 4,200, 7,500 டாலர் அகலமுள்ள பட்டையில் 1,500 என்பது ஐந்தில் ஒன்று, வருவது 3,360. மூன்றாவது சட்டத்தால் 1,60,000 டாலர் தம்பதி இழந்தார்கள், இந்தத் தாய் பெற்றார். மொத்தத்தில் அது நல்ல சட்டமா என்றால், பெரிய பிள்ளைகளையும் முதியோரையும் சேர்த்ததற்காக நல்லது என்றே சொல்வேன்.

பட்டைக்குள் இருப்பவருக்கு ஒரு கணக்கு

குறுகிய பட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நால்வர் குடும்பத்துக்குப் பத்தாயிரம் டாலர் தூரத்தில் 5,600 டாலர் கரைகிறது. ஏஜிஐ ஒரு டாலர் ஏறினால் நிவாரணம் 56 சென்ட் இறங்கும். ஏஜிஐயை ஒரு டாலர் இறக்கினால் அதே 56 சென்ட் திரும்பி வரும்.

கணவர் வேலையில், கம்பெனியின் 401(கே) திட்டத்தில் இருக்கிறார், கிரீன் கார்டு உள்ள மனைவி வீட்டில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள், 2021 ஏஜிஐ 1,56,000. பட்டையில் அறுபது சதவீதம் ஏறியாயிற்று. 5,600-இல் 2,240 மட்டுமே மிஞ்சும். சம்பளம் இல்லாத துணையின் பெயரிலும், மற்றவர் சம்பாதித்த பணத்திலிருந்து, மரபுவழி ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கு தொடங்கலாம். 2021-க்கு ஐம்பது வயதுக்குக் கீழே உச்சவரம்பு 6,000 டாலர். துணைக்குத் தன் சொந்த வேலையிட ஓய்வூதியத் திட்டம் இல்லை என்பதால், இந்த வருமான நிலையில் முழு 6,000 டாலரும் கழியும். 2021 ஆண்டுக்கான அந்தப் பணத்தை 2022 ஏப்ரல் 18 வரை போட அவகாசம் இருந்தது. போட்டால் ஏஜிஐ 1,50,000; நிவாரணம் முழு 5,600. கூடுதலாக 3,360 டாலர். அதோடு 22 சதவீத வரிப் படியில் 1,320 டாலர் வரியும் மிச்சம். போட்ட 6,000-உம் மனைவியின் பெயரில் சேமிப்பாக அப்படியே இருக்கிறது. முன்பணமாக ஏற்கெனவே வந்தது போக மீதியைப் படிவத்தில் கேட்டுப் பெற முடிந்தது.

இது சட்டத்துக்கு உட்பட்ட, ஒளிவுமறைவில்லாத வழி. வருமான எல்லையோடு எந்தச் சலுகை அறிவிக்கப்பட்டாலும், பட்டை எவ்வளவு அகலம் என்பதை முதலில் பாருங்கள். அகலமான பட்டையென்றால் அலட்டிக்கொள்ள வேண்டாம். குறுகிய பட்டையென்றால் ஒரு சிறிய சேமிப்புக்கூடப் பெரிய தொகையைத் திருப்பும்.

எந்த ஆண்டின் வருமானம்?

அரசு அவசரத்தில் அனுப்பியதால், கையில் இருந்த கடைசிப் படிவத்தைப் பார்த்து அனுப்பியது. முதல் நிவாரணத்துக்கு 2019 படிவம், அது வராவிட்டால் 2018. இரண்டாவதற்கு 2019. மூன்றாவதற்கு 2020, அது வராவிட்டால் 2019. ஆனால் சட்டப்படி இறுதிக் கணக்கு முதல் இரண்டுக்கும் 2020 வருமானத்தின் மேல், மூன்றாவதற்கு 2021 வருமானத்தின் மேல். இறுதிக் கணக்கில் கூடுதலாக உரியது என்று வந்தால் படிவத்தில் கேட்டு வாங்க முடிந்தது. குறைவாக உரியது என்று வந்தால், ஏற்கெனவே பெற்றதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மக்களுக்குச் சாதகமாக எழுதப்பட்ட விதி இது. வேலை இழந்து 2020-இல் வருமானம் விழுந்தவர் விரைவில் தாக்கல் செய்வது நல்லதாக இருந்தது. வருமானம் ஏறியவர் கெடு வரை பொறுத்திருக்க முடிந்தது. குழந்தை 2020-இல் பிறந்திருந்தால் 500-உம் 600-உம் சேர்ந்து 1,100 டாலர், 2021-இல் பிறந்திருந்தால் 1,400 டாலர், இந்த இறுதிக் கணக்கில்தான் வந்தது.

இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. குறைந்தபட்ச வருமானம் என்ற நிபந்தனையும் இருக்கவில்லை. ஒரு டாலர்கூட வருமானம் இல்லாதவருக்கும் முழுத் தொகை உரியதாக இருந்தது. “நாங்கள் வரியே கட்டவில்லையே, எங்களுக்கு எப்படித் தருவார்கள்?” என்று நினைத்துத் தாக்கல் செய்யாமல் இருந்தவர்கள்தான் மிகவும் இழந்தார்கள். தாக்கல் செய்தும் 30ஆம் வரியைக் காலியாக விட்டவர்கள் வேறு. 2021 படிவத்தில் அப்படி விட்ட ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்குத் தானாகவே பணம் அனுப்பப்போவதாக 2024 டிசம்பரில் வரித்துறையே அறிவித்தது. தாக்கலே செய்யாதவர்களுக்கு முதல் இரண்டு நிவாரணங்களைக் கேட்கும் கெடு 2024 மே 17-இலும், மூன்றாவதற்கான கெடு 2025 ஏப்ரல் 15-இலும் முடிந்துவிட்டன.

இன்றைய எண்களில்

2025 ஆண்டுக்குக் குழந்தை வரிச் சலுகை 17 வயதுக்குக் கீழான பிள்ளைக்கு 2,200 டாலர் வரை. தனிநபருக்கு 2,00,000 டாலரிலும் கூட்டுத் தாக்கலுக்கு 4,00,000 டாலரிலும் தேய்மானம் தொடங்கும். மேலே போகும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 50 டாலர். முதல் நிவாரணத்தின் அதே விகிதம்தான். பிள்ளைக்கும் பெற்றோரில் குறைந்தது ஒருவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். 65 வயது நிரம்பியவர்களுக்கு 2025 முதல் 2028 வரை தரும் 6,000 டாலர் கழிவும், நமக்குப் பழகிப்போன அதே 75,000, 1,50,000 கோடுகளில் தேயத் தொடங்குகிறது. விகிதம் மட்டும் 6 சதவீதம்.

போன ஆண்டுப் படிவம் 1040-ஐ இன்றே எடுத்து, ஏஜிஐ, தாக்கல் நிலை, எண் உள்ள தலைகள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருடைய எண்ணாவது ஐடிஐஎன்-இலிருந்து சோஷியல் செக்யூரிட்டிக்கு மாறியிருந்தால் அடுத்த தாக்கலில் புதிய எண்ணைக் காட்டுங்கள். கிரீன் கார்டோடு இருந்தும் வருமானம் இல்லை என்று தாக்கல் செய்யாமல் இருக்கும் பெற்றோர் யாராவது தெரிந்தால், அவர்களையும் உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.